அடித்தகரத்தைக் குனிந்து பார்க்கும் சோதனை வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் உயர்ந்தது குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வந்த கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பழைய வண்டிகளை எல்லாம் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்று ஒரு வாசகரும், அவை முன்னோர் விட்டுச் சென்ற செல்வம், யாரும் கைவைக்கக் கூடாது என்று மற்றொருவரும் எழுதியிருந்தனர். இருவருமே வண்டியின் வயதைப் பற்றித்தான் பேசினார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு பிரீமியர் பத்மினி காருக்கு அடியில் இரண்டரை ஆண்டுகள் மல்லாந்து கிடந்தவன் என்ற தகுதியில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மருத்துவம் பார்த்தவர். குளச்சல், கடியபட்டணம், முட்டம் என்று கடலோர ஊர்களில் நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று வருவார். புதுக் கார் என்றால் அம்பாசிடர் அல்லது பத்மினி என்று இருந்த காலம் அது. அதற்கும் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்து வாங்கிய எங்கள் வண்டி 1982 ஜூலையில் பதிவானது. மும்பை குர்லாவில் ஃபியட் நிறுவனத்தின் உரிமத்தோடு தயாரான வண்டி, 1089 சி.சி. இன்ஜின், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இதில் தனியாகச் சேசிஸ் கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜீப்பில் இருப்பதுபோல அடியில் ஒரு இரும்புச் சட்டமும் அதன்மேல் வைத்த கூடும் அல்ல இது. தரைத்தகரமும் பக்கச் சுவர்களும் கூரையும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டு, அந்தக் கூடே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. ஆகவே தரை இற்றுப்போனால், போவது தரை மட்டும் அல்ல.

2012ஆம் ஆண்டுப் புதுப்பிப்புக்கு முன்னதாக, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பட்டறையில் கொடுத்து முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்து வாங்கினேன். பார்த்தவர்கள் எல்லாம் புது வண்டி போல இருக்கிறது என்றார்கள். அந்த ஆண்டிலும், 2017லும், பிறகு 2022லும் சோதனையில் அது தேறியது. 2022 ஏப்ரல் வரை 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் அந்த மாதம் முதல் 5,000 ரூபாயாக ஆகியிருந்ததால் அதையும் கட்டினேன். விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, சேசிஸ் எண் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துக் கையொப்பமிட்டார்கள். அதன்பின் இரண்டு மாதம்கூட ஆகவில்லை; வில்லுக்குறியிலிருந்து தக்கலைக்கு மழையில் வந்துகொண்டிருந்தபோது, பின்னிருக்கையில் இருந்த என் தாயார் காலடியில் தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து விரிப்பைத் தூக்கினேன். என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியே ஷெட்டின் சிமென்ட் தரை தெரிந்தது. அரசு முத்திரையோடு ஐந்தாண்டுக்குத் தகுதி பெற்ற வண்டி அது.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டியின்மீது மெல்ல இழுத்துப் பார்ப்பது. நல்ல தகரத்தில் அது ஒட்டிக்கொண்டே போகும். பள்ளத்தையும் ஓட்டையையும் மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் பிடிவிட்டு வழுக்கும். எங்கள் வண்டியில் நான்கு கதவுகளின் கீழ்விளிம்பு, முன் மட்கார்டின் பின்முனை, சக்கர வளைவுகள், கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி ஆகிய எங்குமே காந்தம் நிற்கவில்லை. பெயின்ட் ரிமூவர் பூசிச் சுரண்டியபோது சில இடங்களில் பட்டி என் சுண்டுவிரல் தடிமனுக்கு இருந்தது. ஒரு மட்கார்டின் உள்ளே, துரு தின்ற பொந்தை அடைக்கச் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து அதன்மேல் பட்டி பூசியிருந்தார்கள். அது எந்த நாளிதழ் என்று அறிய ஆவலாகத்தான் இருந்தது, எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது.

நம் மாவட்டத்தில் பழைய வண்டியை அழிப்பது ஓட்டமும் அல்ல, ஆண்டும் அல்ல, உப்புக்காற்றுதான். உப்பு படிந்த தகரம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்வதால், மழையே இல்லாத நாளிலும் துரு வேலை செய்துகொண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் ஒருசேர வாங்கும் ஊர் நம்முடையது. தகரம் முழுதாகக் காயும் நாட்கள் குறைவு. கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, கீழ்விளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியேற வேண்டும் என்பது வண்டியைச் செய்தவர்களின் ஏற்பாடு. அந்தத் துளைகள் அடைபட்டால் கதவு ஒரு தொட்டியாகிவிடும். எங்கள் வண்டியின் கதவுகளைக் கழற்றிச் சாக்கின்மேல் தட்டியபோது, ஒரு கதவிலிருந்து மட்டும் ஒரு சிரட்டை அளவுக்குக் கறுத்த மணல் கொட்டியது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின், இல்மனைட் என்ற கனிமம் கலந்த மணல். ஒவ்வொரு நாளும் தந்தையாரின் செருப்போடும் காற்றோடும் வந்து சேர்ந்தது. அதை ஒரு பாட்டிலில் எடுத்து வைத்திருக்கிறேன். என் தாயார் மட்டும் அதைப் பார்க்க மறுக்கிறார்.

தகர வேலைக்குத் திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து முதிய டிங்கர் ஒருவர் கிடைத்தது என் நல்வாய்ப்பு. வந்த அன்று அவர் மேலே எதையும் பார்க்கவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு நேராக அடியில் போனார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, "சாரே, பெயின்ட் எப்ப வேணும்னாலும் அடிக்கலாம். முதல்ல எலும்பைக் கட்டணும்" என்றார். துருப்பிடித்த பகுதியை உடனே வெட்டி எடுக்க அவர் விடவில்லை. கதவுகள் இருந்த இடைவெளியில் இரும்பு ஆங்கிளைக் குறுக்கே வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, கூட்டின் அளவைப் பூட்டிவிட்டுத்தான் கீழ்ப்பெட்டியைத் தொட்டார். அதுவும் ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மறுபக்கம். அப்படிச் செய்யாமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் தன் சட்டத்தில் உட்காராது. புதுத் தரைக்கு 20 கேஜ் தகரம் எடுத்தோம். பழைய தரையில் இருந்த நீள்வரி மேடுகள் அழகுக்காக இருந்தவை அல்ல, மெல்லிய தகரத்துக்கு விறைப்பு கொடுப்பவை. ஆகவே புளியங்கட்டை ஒன்றில் அதே அளவுக்குப் பள்ளம் செதுக்கி, அதன்மேல் தகரத்தை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி அந்த வரிகளை அவர் எழுப்பினார். ஒரு வரிக்கு ஒரு முற்பகல் ஆயிற்று. வெல்டிங்கையும் ஒரே கோடாக இழுக்காமல், ஒரு பொட்டு இங்கே, ஒரு பொட்டு ஒரு சாண் தள்ளி என்று சூடு பரவாமல் வைத்தார், இல்லாவிட்டால் தகரம் பப்படம் போல நெளிந்துவிடும். வேலை முடிந்து ஆங்கிளை அறுத்தெடுத்த அன்று, இடப்பக்கக் கதவை மாட்டி ஒரு விரலால் தள்ளினோம். ஒரே சத்தத்தில் மூடிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் போனார்.

இத்தகைய வேலையில் இறங்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. துருவின்மேல் தாரைக் காய்ச்சிப் பூசும் பழக்கம் நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. வெடித்த தாருக்கும் தகரத்துக்கும் இடையே புகும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். மேலே கறுப்பாகப் பளபளக்க, உள்ளே தகரம் தூளாகிக்கொண்டிருக்கும். துருவைத் தகரம் வெளுக்கும்வரை நீக்கி, எபாக்சி பிரைமர் அடித்து, இணைப்புகளை அடைத்து, அதன்பிறகே அடிப்பூச்சுக்குப் போக வேண்டும். பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெயைச் செலுத்த வேண்டும். நீர் வடியும் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. வண்டியை உயர்த்த ஹாலோ பிளாக் கற்களை அடுக்குவதும் ஆபத்து, அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவும் கூடாது. உறுதியான இரும்புத் தாங்கிகளே வேண்டும். காலியான பெட்ரோல் டேங்கை வெல்டிங் செய்ய ஒருபோதும் வீட்டில் முயல வேண்டாம், உள்ளே தங்கிய ஆவி போதும் வெடிப்பதற்கு.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது நல்ல இன்ஜின், கேட்டதைக் கொடுத்தால் ஓடும். ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரையும் சக்கர சிலிண்டர்களையும் முழுதாகப் புதுப்பித்தோம். பெட்ரோல் விஷயம்தான் புதிய தலைவலி. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் நின்றது. ஈயத்தை நம்பியிருந்த பழைய இன்ஜின்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் (புகை வெளியேறும் அடைப்பான்கள்) அமரும் விளிம்புகள் அதனால் விரைவில் தேய்கின்றன என்பதால், இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோதே கடினமான உலோக வளையங்களைப் போட்டுக்கொண்டோம். இப்போது வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்ற சவ்வையும் கெடுக்கும்; ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு, அதுவும் நம் ஊர் ஈரக்காற்றில், இது தொல்லையே. எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றியதோடு, வண்டி நீண்ட நாள் நிற்கப் போகிறது என்றால் டேங்கில் உள்ளதை வடித்துவிடுகிறேன்.

உதிரிப் பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டைக்கு இருமுறை போனேன். மும்பையில் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் ஆயிரக்கணக்கில் ஓடியவரை இந்த வண்டிக்குப் பாகம் செய்பவர்களும் விற்பவர்களும் இருந்தார்கள். 2023 அக்டோபரில் அங்கே கடைசி டாக்சியும் ஓய்வுபெற்றது. கிடைக்கும்போதே கண்ணாடி ரப்பர் பீடிங்கை இரண்டு செட்டாக வாங்கி வைத்ததை என் மனைவி வீண்செலவு என்று கருதுகிறார், நான் கருதவில்லை. பெயின்ட் அடிக்கப் பிப்ரவரி மாதம் வரை காத்திருந்தோம். மழைக்கால ஈரத்தில் அடித்தால் மேற்பூச்சு பால்போல வெளிறிவிடும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அதே இளநீலம்தான் அடித்தோம்.

இனி சட்டத்தின் பக்கம் வருகிறேன். 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வாகனத்தைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும், பேரணிக்கும், பெட்ரோல் போடவும், பழுதுபார்க்கவும் எடுக்கலாமே தவிர, அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுக்க முடியாது. எங்கள் வண்டிக்கு ஐம்பது வயது 2032இல்தான் ஆகும். அதுவரை அது பொது விதியின்கீழ் 20 ஆண்டைக் கடந்த கார். 2025 ஆகஸ்டு முதல் அதற்கான புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். அன்றாடம் நூறு கிலோமீட்டர் ஓடிப் புகை கக்கும் வண்டிக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முதியவளைச் சுசீந்திரம் கோயிலுக்கு அழைத்துச் சென்று வந்து ஷெட்டில் நிற்கும் வண்டிக்கும் ஒரே கட்டணம், ஒரே சோதனை. பணத்தைக் குறைகூறி நான் எழுதவில்லை. தகரத்துக்கு நான் செலவிட்டதோடு ஒப்பிட்டால் பத்தாயிரம் பெரிய தொகை அல்ல. அந்தப் பணத்துக்கு என்ன சோதிக்கப்படுகிறது என்பதே என் கேள்வி. ஓட்டையைச் செய்தித்தாளால் அடைத்த வண்டி மூன்று முறை தேறியது. கட்டணம் ஏறியதால் அந்தத் தரை இன்னும் ஒரு நாள்கூட அதிகம் தாங்கியிருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொன்மை வாகனம் என்பது அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெருமளவு மறுசீரமைப்புக்கு உட்பட்டிருக்கக் கூடாது என்று அந்த விதி சொல்கிறது. ஜீப்பின் முகத்தை மாற்றி வேறொரு வண்டியாக்குபவர்களைத் தடுக்க அது தேவையான வாசகம்தான். ஆனால் இற்றுப்போன தரையை வெட்டி, அதே அளவில், அதே வரிகளோடு புதுத் தகரம் வைத்தது மாற்றமா, பழுதுபார்ப்பா? விதியில் இதற்கு வெளிப்படையான விடை இல்லை. கடுமையாகப் படித்தால், பட்டியும் தாளும் திணித்து மூடிய வண்டி மூல வடிவில் உள்ளதாகவும், முறையாகத் தகரம் வைத்த வண்டி மாற்றப்பட்டதாகவும் ஆகிவிடும். கடற்கரையிலிருந்து வெகுதொலைவில், வறண்ட காற்றில் நிற்கும் வண்டிகளை மனதில் வைத்து இந்த வாசகம் எழுதப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் மாவட்டத்தில் தரைத்தகரம் மாற்றாமல் ஐம்பது ஆண்டு நின்ற கார் இருந்தால், அது ஓடியதே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

ஆகவே, போக்குவரத்துத் துறை இரண்டைச் செய்யலாம் என்று கருதுகிறேன். இருபது ஆண்டைக் கடந்த எந்தக் காரையும் புதுப்பிக்கும்போது உயர்த்தி நிறுத்தி, விரிப்பை எடுத்துவிட்டு, தரை, கீழ்ப்பெட்டி, பின்பக்க ஸ்பிரிங் பிணைப்புகள் ஆகியவற்றை ஒரு சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், இற்றது பொத்தென்று ஒலிக்கும். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. அவ்வாறு தேறிய, ஆண்டுக்குக் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் ஓடாத சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் ஒரு தனிப் பிரிவு வைக்கலாம். மூல அளவிலேயே செய்யப்படும் தகர மாற்றத்தைப் பழுதுபார்ப்பு என்று அதில் எழுத்தில் ஏற்றுக்கொள்ளலாம். தேறாதவை உடைப்புக்குப் போகட்டும். அந்த வகையில் முதல் வாசகரோடு எனக்குப் பகையில்லை.

இதோடு சேர்ந்த ஒன்று, அந்த டிங்கருக்குப் பின் இந்த வேலையைச் செய்ய ஆள் யார் என்பது. அவருடைய மகன் வளைகுடாவில் இருக்கிறார். இப்போதைய பட்டறைகளில் அடிபட்ட கதவைக் கழற்றிப் புதிதாக வாங்கி மாட்டுகிறார்கள். அது அவர்கள் குற்றமும் அல்ல, புது வண்டிகளுக்கு அதுதான் முறை. நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையம், இவரைப் போன்ற இரண்டு பேரை அழைத்து, விடுமுறைக் காலத்தில் சில வாரங்கள் மாணவர்களுக்குத் தகரம் தட்டக் காட்டச் சொன்னால், அது பழைய கார்களோடு நின்றுவிடாது. உப்புக்காற்று இங்கே பேருந்துகளையும் கடலோர வீடுகளின் கதவுகளையும்கூடத்தான் தின்கிறது. கேட்டுப் பார்த்தேன், கூப்பிட்டால் வருவதாகச் சொன்னார், பேருந்துக் கட்டணமும் ஒரு வேளைச் சோறும் போதுமாம்.

எங்கள் வண்டிக்கு அடுத்த புதுப்பிப்பு 2027 ஜூலையில் வருகிறது. உள்ளே புதிதாகத் தைத்து வாங்கிய தரை விரிப்பைப் பசை போட்டு ஒட்டிவிடலாம் என்று தையற்காரர் சொன்னார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்கு மூலையிலும் பிரஸ் பட்டன் மட்டும் வைத்திருக்கிறோம். தூக்கிப் பார்க்க விரும்பும் அதிகாரி எவரும் ஒரு கையாலேயே தூக்கிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.